கோடையில் ஒரு தோட்டச் சுற்று: மூலிகை, பூ, சிற்றுயிர்களை நேரமறிந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோடை வந்துவிட்டால் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி நமக்கு ஒரே கவலைதான்: தண்ணீர். காலையில் ஊற்றுகிறோம், வாடிய இலையைக் கிள்ளிப் போடுகிறோம், வெயில் ஏறுவதற்குள் உள்ளே வந்துவிடுகிறோம். இதே வெயிலில்தான் நான்கு தொட்டிகள் வைத்த மாடிகூட, தேனும் நிழலும் ஈரமும் தேடி அலையும் நூற்றுக்கணக்கான உயிர்களுக்கு அடைக்கலமாகிறது. அவற்றை நாம் பார்க்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. தவறான நேரத்தில் தோட்டத்துக்குப் போகிறோம்.

பூக்களுக்கு நேரம் உண்டு என்பது பழைய செய்தி. 1751-லேயே ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ், பூக்கள் விரிவதையும் மூடுவதையும் வைத்து மணி சொல்லும் ‘பூக்கடிகாரம்’ ஒன்றைப் பற்றி எழுதினார். பூவுக்கு நேரம் இருந்தால் அதைத் தேடி வரும் பூச்சிக்கும் நேரம் இருக்கும். பூச்சிக்கு இருந்தால் அதைத் தின்னும் பறவைக்கும் பல்லிக்கும் இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி இடத்தை வைத்து அல்ல, நேரத்தை வைத்தே நகர்கிறது. இங்கே சொல்லும் செடிகளில் பாதி உங்களிடம் இல்லாமல் போகலாம். சுற்றும் முறை மாறாது.

கிளம்பும் முன்

முதல் விதி: கத்தரிக்கோலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது கையில் இருந்தால் கண் வெட்ட வேண்டியதை மட்டுமே தேடும். ஓட்டை விழுந்த இலையைக் கண்டதும் கை முந்திக்கொள்ளும். அந்த ஓட்டையைப் போட்டது யார் என்று கேட்கும் பொறுமை போய்விடும். பார்ப்பது ஒரு நாள், கை வைப்பது இன்னொரு நாள் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

எடுத்துக்கொள்ள வேண்டியவை குறைவு. ஒரு குறிப்பேடு, பென்சில், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ், கைபேசி, இரவுச் சுற்றுக்கு ஒரு டார்ச். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பூச்சிகளின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது என்பதால் அவை கலையாமல் இருக்கும். கால்களை மூடும் உடையும் மூடிய செருப்பும் அவசியம்.

அடுத்து, தோட்டத்தை ஒரு தாளில் கிறுக்கலாக வரைந்து, நிற்கப் போகும் இடங்களைக் குறியுங்கள். நல்ல வெயில் விழும் மூலை, ஈர நிழல், தண்ணீர்த் தொட்டி, மிக உயரமான செடி, சருகுக் குவியல், சுவர் விரிசல், பட்டுப்போன கட்டை ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். வெறுமையாகத் தோன்றும் கடைசி மூன்றும்தான் பல சமயம் அதிகம் காட்டும். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நம் நிழல் விழுந்ததும் பறந்த பூச்சி, நாம் நின்றுவிட்டால் சிறிது நேரத்தில் திரும்பி வரும். எப்போது போனாலும் அதே வழியில் போங்கள். நேற்றையும் இன்றையும் ஒப்பிட அதுதான் வசதி.

மொத்தம் நான்கு சுற்றுகள்: விடியல், முற்பகல், நண்பகல், அந்தியும் இரவும். நான்கையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று இல்லை.

முதல் சுற்று: விடியல்

வெளிச்சம் வந்ததும், வெயில் விழுமுன் இறங்குங்கள். முதலில் இலைகளின் நிலையைப் பாருங்கள். கோடையில் தண்ணீர் விஷயத்தில் பலரும் குழம்புவது இங்கேதான். நண்பகலில் இலை தொங்கினால் செடிக்குத் தாகம் என்று முடிவு கட்டிவிட முடியாது. வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை ஆவியாக்கும் வேகம் கூடினால், ஈரமான மண்ணில் நிற்கும் செடியும் சற்றுத் துவளும். மாலையில் தானே நிமிரும். விடியலிலும் துவண்டு நிற்கும் செடிதான் உண்மையில் தண்ணீர் கேட்கிறது. விரலை மண்ணில் 5 செ.மீ. ஆழம் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தும் இலை துவண்டிருந்தால் கோளாறு வேரில் இருக்கலாம். மேலும் தண்ணீர் ஊற்றினால் அழுகல் கூடும்.

அடுத்து, காய்ந்த குச்சிகளையும் மெல்லிய தண்டுகளையும் கூர்ந்து பாருங்கள். தேனீ என்றதும் கூடு, ராணி என்று நினைவு ஓடும். பெரும்பாலான தேனீ இனங்கள் தனித்து வாழ்பவை. நீலப்பட்டைத் தேனீயின் ஆண்களுக்குக் கூடே கிடையாது. அவை பொழுது சாய்ந்ததும் ஒரு குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு, உடலை நீட்டியபடி அப்படியே தூங்கும். சில நேரம் ஒரே குச்சியில் பல ஆண்கள் வரிசையாகத் தொங்குவதைப் பார்க்கலாம். வெயில் பட்டதும் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். ‘காய்ந்துவிட்டது’ என்று நாம் ஒடித்துப் போடும் குச்சி எத்தனையோ பேருக்குப் படுக்கை. கோடை முடியும் வரை சிலவற்றையாவது விட்டு வையுங்கள்.

இரவில் மலர்ந்த பூக்களின் கடைசி நிமிடங்களும் இந்நேரத்துக்கே உரியவை. பவழமல்லி தரையில் உதிர்ந்து கிடக்கும். அந்திமந்தாரை இன்னும் விரிந்திருக்கும். வெயில் ஏறினால் சுருண்டுகொள்ளும்.

விடியலில் நான் தவறாமல் செய்யும் ஒன்று உண்டு. இலைகளுக்குக் கீழே தரையைப் பார்ப்பேன். இலையின் நிறத்திலேயே இருக்கும் புழுவை இலைகளுக்கு நடுவே தேடுவது கண்ணுக்குச் சிரமம். அதன் எச்சம் அப்படி மறைவதில்லை. சிமெண்ட் தரையிலோ கீழ் இலையிலோ கருமையான சிறு உருண்டைகள் கிடந்தால், நேர் மேலே பாருங்கள். உருண்டை ஈரமாகவும் பச்சை கலந்தும் இருந்தால் ஆள் அங்கேயே இருக்கிறார். நந்தியாவட்டை அல்லது அரளியின் கீழே மிளகைவிடப் பெரிய எச்சம் கிடந்தால், பருந்து அந்துப்பூச்சியின் தடித்த பச்சைப் புழு மேலே இருக்க வாய்ப்பு அதிகம். பின்புறம் ஒரு கொம்பு, முன்புறம் நீல வெள்ளையில் இரண்டு பொய்க் கண்கள். சீண்டினால் தலையைக் குனிந்து அந்தக் கண்களை உப்பிக் காட்டும். ஒன்றும் செய்யாது.

மூலிகைப் பாத்தியில்

பனி உலர்ந்து, வெயில் உறைக்கத் தொடங்குவதற்கு இடைப்பட்ட நேரம் மூலிகைகளுக்கு உகந்தது. வாசனை எண்ணெய் வெப்பத்தில் எளிதில் ஆவியாகிவிடுவதால் இலை பறிப்பவர்களும் இந்நேரத்தையே தேர்ந்தெடுப்பார்கள். இன்று பறிக்க வேண்டாம். இலையை விரலால் மெல்லத் தேய்த்து முகருங்கள், போதும்.

அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று லென்ஸில் பார்க்கலாம். துளசி இலையின் அடிப்பக்கத்தைக் கண்ணருகே பிடித்தால் பளபளக்கும் நுண்ணிய புள்ளிகள் தெரியும். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். கற்பூரவல்லியில் அவற்றோடு அடர்ந்த மென்மயிரும் சேர்ந்திருக்கும். நமக்கு இதமான இந்த மணம், இலை தின்னும் பல பூச்சிகளை விரட்டச் செடி தயாரித்துக்கொண்ட ஆயுதம்.

துளசியில் பூங்கதிர் வந்ததும் கிள்ளிவிட வேண்டும், இல்லையேல் இலை குறையும் என்பார்கள். அது சரிதான். ஆனால் எல்லாக் கதிர்களையும் கிள்ளிவிடாதீர்கள். இரண்டு செடி இருந்தால் ஒன்றை இலைக்கும் மற்றொன்றைப் பூவுக்கும் விடுங்கள். மொய்க்கும் கொசுத் தேனீக்களைப் பார்த்தால் காரணம் புரியும். கொடுக்கில்லாத இந்தச் சிறு தேனீ சுவர் ஓட்டையிலோ மரப்பொந்திலோ கூடு வைத்து, வாசலில் மெழுகும் பிசினும் குழைத்த ஒரு குழாயை நீட்டியிருக்கும். உங்கள் சுவரிலேயே அந்தக் குழாய் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

கொத்தமல்லி வெயிலில் சீக்கிரம் பூத்துவிடுகிறது என்று குறைப்படுபவர்கள் உண்டு. பூக்கட்டும். குடை விரித்தாற்போன்ற அந்த வெண்பூக்களில் தேன் மேலாகவே இருப்பதால், நீண்ட நாக்கில்லாத சிறு பூச்சிகளும் குடிக்க முடியும். மஞ்சள் கறுப்பு வரியுடன் தேனீ வேஷம் போட்டு அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஈ ஒன்று வரும். அதற்கு இரண்டே இறக்கைகள், தேனீக்கு நான்கு. இந்த ஈயினங்களில் பலவற்றின் புழுக்கள் செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று வளர்பவை. கொத்தமல்லி பூத்த பாத்தியில் மருந்தடிக்கும் தேவை குறைவதற்கு இவையும் ஒரு காரணம்.

தூதுவளை இருந்தால் அங்கே கூடுதல் நேரம் நில்லுங்கள். ஊதாப் பூவின் நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாகச் சேர்ந்திருக்கும். அவை பக்கவாட்டில் பிளப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டுமே. மகரந்தம் வெளியே வர வேண்டுமானால் உலுக்க வேண்டும். நீலப்பட்டைத் தேனீயும் தச்சுத் தேனீயும் பூவைக் கட்டிப் பிடித்து, இறக்கையை அடிக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். அப்போது ரீங்காரத்தின் சுருதி சட்டென்று உயர்வதைக் காதால் கேட்கலாம். தேன்கூடு கட்டும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரி, தக்காளிப் பூக்களிலும் ஏறத்தாழ இதே அமைப்புதான். தனித்து வாழும் தேனீக்களைக் காப்பாற்றினால் காய்ப்பும் கூடும் என்று சொல்வது இதனால்தான்.

மற்ற மூலிகைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். வல்லாரையும் கரிசலாங்கண்ணியும் ஈரம் காய்ந்தால் முதலில் வதங்குபவை. ஈர நிழலுக்கு மாற்றலாமா என்று குறித்துக்கொள்ளுங்கள். புதினாவுக்கு மதிய நிழல் போதும். ரோஸ்மேரி, லாவண்டர் போன்றவை அதிகத் தண்ணீரில்தான் சாகும். கற்றாழையும் பிரண்டைத் தண்டும் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிப்பவை. கடும் வெயிலில் கற்றாழை செம்பழுப்பாக மாறினால் பதற வேண்டாம். சற்று நிழல் கிடைத்தால் பச்சை திரும்பும்.

ஒரு எச்சரிக்கை. அடையாளம் உறுதியாகத் தெரியாத எந்த இலையையும் வாயில் வைக்க வேண்டாம். எருக்கம் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. தொட்டால் கை கழுவுங்கள்.

ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி

தோட்டம் முழுவதையும் சுற்ற நேரமில்லாதவர்கள் கறிவேப்பிலை முன் மட்டுமாவது நிற்கலாம். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் இருந்தாலும் சரி; எல்லாம் ஒரே குடும்பம். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி ஆகிய இரு வண்ணத்துப்பூச்சிகளும் இந்தக் குடும்பத்தை நம்பியே வாழ்கின்றன.

முட்டையிட வந்த பெண்ணை அதன் பறப்பிலேயே கண்டுபிடிக்கலாம். தேன் குடிக்க வந்தது பூவில் அமரும். முட்டையிட வந்தது இலைக்கு இலை படபடத்து, முன்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும். அந்தக் கால்களில்தான் சுவை அறியும் உணர்விகள் இருக்கின்றன. சரியான இலைதான் என்று தெரிந்ததும் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த தளிருக்குப் போய்விடும். அது போன பிறகு அந்தத் தளிரைத் திருப்பிப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய, வெளிர் மஞ்சள் உருண்டை.

சில நாளில் வெளிவரும் புழு முதல் வேலையாக முட்டை ஓட்டைத் தின்னும். பிறகு இலையின் மேற்பரப்பில் நடுவில், எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்திருக்கும். கரும்பழுப்பு உடல், நடுவே வெள்ளைத் திட்டு, ஈரப் பளபளப்பு: பறவையின் எச்சம் என்றே யாரும் நினைப்பார்கள். பறவையும் அப்படியே நினைத்துக் கடந்துவிடும். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் நிலைக்கு வரும்போது எச்ச வேஷத்துக்கு உடல் பெரிதாகிவிடுகிறது. ஒரே தோலுரிப்பில் நிறம் பச்சையாகிறது. கழுத்துப் பகுதியில் இரண்டு கண் புள்ளிகள் தோன்றுகின்றன. இந்த மாற்றத்தை நேரில் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். நேற்று வரை பழுப்பு, இன்று பச்சை. பலர் இதைப் ‘புதிதாக வந்த வேறொரு புழு’ என்று நினைத்து எடுத்து எறிகிறார்கள்.

மெல்லிய குச்சியால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறத்தில் கவைபோன்ற உறுப்பு ஒன்று நீண்டு, புளித்த வாடை வீசும். எறும்பையும் குளவியையும் விரட்டும் ஏற்பாடு அது. ஒரு முறை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் சீண்டி அதன் சக்தியை வீணாக்க வேண்டாம்.

தின்று முடித்ததும் புழு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கும். ஒரு தண்டில் பட்டுநூலால் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். கூட்டின் நிறம் பச்சையாகவோ பழுப்பாகவோ அமைவது சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. இலைகளின் நடுவே பச்சை, காய்ந்த குச்சியில் பழுப்பு. ஒன்றிரண்டு வாரங்களில் கூட்டின் தோல் வழியே இறக்கையின் நிறம் தெரிந்தால் மறுநாள் விடியலில் அங்கே இருங்கள். வெளிவந்த பூச்சி கசங்கிய இறக்கைகளோடு தொங்கும். உடலின் திரவத்தை நரம்புகளில் செலுத்தி அவற்றை விரித்து உலர்த்தும். அந்நேரத்தில் தொட்டால் இறக்கை கோணலாகவே இறுகிப்போகும்.

வெளிவந்த கறிவேப்பிலை அழகி பெண்ணாக இருந்தால், கறுப்பு இறக்கையில் சிவப்புத் திட்டுகளோடு, வேறு இனம்போலத் தோன்றலாம். ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்ந்து உடலில் நஞ்சேற்றிக்கொண்ட இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் வேஷம் அது. நஞ்சுள்ளதைத் தின்று பட்ட பறவை, நஞ்சில்லாத இதையும் விட்டுவிடும். (ஆடுதீண்டாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் நம் சிறுநீரகத்துக்கும் கேடு, அதைத் தோட்டத்தில் வைப்பது வண்ணத்துப்பூச்சிக்காக மட்டுமே இருக்கட்டும்.)

ஒரு செடியில் நாலைந்து புழுக்கள் இருந்தால் என்ன செய்வது? வளர்ந்த செடி என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், மீண்டும் துளிர்க்கும். அரையடிக் கன்று என்றால், புழுவை இலையோடு சேர்த்து எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். இலை அழகாக இருக்க வேண்டுமா, பூச்சி வாழ வேண்டுமா என்றால் என் தீர்ப்பு பூச்சியின் பக்கம்தான். கறிவேப்பிலைக்கு இலை திரும்ப வரும்.

இரண்டாம் சுற்று: முற்பகல் பூக்கள்

ஒன்பது மணி முதல் பதினொன்று வரை பூக்களின் நேரம். பத்துமணிப் பூ வெயில் பட்டதும் விரியும்; மேகம் மூடினால் தாமதிக்கும். ஒவ்வொரு பூவின் முன்னும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது யாருக்காகத் திறந்திருக்கிறது?

இட்லிப்பூவின் குழாய் ஊசி போல மெல்லியது. அடியில் உள்ள தேன் வண்ணத்துப்பூச்சியின் நீண்ட உறிஞ்சிக்கே எட்டும். செம்பருத்தியின் சிவப்பு தேனீயின் கண்ணுக்குத் தெரிவதில்லை. தேனீ புற ஊதாவைக் காணும், சிவப்பைக் காணாது. பறவைகளுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும். தேன்சிட்டு அங்கே சுற்றுவது அதனால்தான். செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடும் என்பதால் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

சங்குப்பூவைச் சற்று நெருங்கிப் பாருங்கள். அதே குடும்பத்து அவரைப் பூவோடு ஒப்பிட்டால் இது தலைகீழாகத் திருப்பி வைத்தது போலிருக்கும். மேலே நிற்க வேண்டிய பெரிய இதழ் கீழே விரிந்து தளமாகிறது; மகரந்தம் உள்ள பாகம் மேலே போய்விடுகிறது. உள்ளே நுழையும் தேனீயின் முதுகில் மகரந்தம் ஒட்டும். வெளியே வரும் தேனீயின் முதுகு வெளுத்திருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம்.

செண்டுப்பூ, சாமந்தி, ரோஜா வாங்கும்போது இதழ் அடுக்கைப் பார்த்து மயங்குகிறோம். அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறிவிட்டதாலோ, தேனுக்குப் போகும் வழி அடைபட்டதாலோ, பூச்சிகள் வந்து ஏமாந்து திரும்பும். நடுவில் மஞ்சள் வட்டம் வெளியே தெரியும் ஒற்றை அடுக்கு வகைகளைப் பாதியாவது வையுங்கள்.

ரோஜா இலையின் ஓரத்தில் காம்பஸால் வரைந்த மாதிரி அரைவட்டம் வெட்டுப்பட்டிருந்தால் அது நோயல்ல. இலைவெட்டித் தேனீ வெட்டி எடுத்துப் போய், மூங்கில் துளையிலோ சுவர் ஓட்டையிலோ தன் பிள்ளைக்கு அறை கட்டியிருக்கிறது. செடிக்கு அதனால் குறிப்பிடத்தக்க கேடு இல்லை. வெட்டிய துண்டைச் சுமந்து அது பறப்பதைப் பின்தொடர்ந்தால் வீட்டையும் பார்க்கலாம்.

வெகுநேரமாக ஒரு தேனீ பூவில் அசையாமலே இருந்தால் சந்தேகப்படுங்கள். குனிந்து பார்த்தால் அதே நிறத்தில் ஒரு நண்டுச் சிலந்தி அதைப் பிடித்திருக்கும். காப்பாற்ற மனம் துடிக்கும். விட்டுவிடுங்கள், அதற்கும் இந்தத் தோட்டத்தில் பங்கு உண்டு.

யாரை விரட்டுவது, யாரை விடுவது

தளிர்களின் அடியைத் திருப்புங்கள். அசுவினிக் கூட்டம் இருந்தால் உடனே தண்ணீர்க் குழாயைத் தூக்காமல், அதே கூட்டத்துக்குள் லென்ஸை நீட்டுங்கள். உப்பிப்போய், வைக்கோல் நிறத்தில், சில துளையோடு இருக்கும் அசுவினிகள் தெரிந்தால், ஒட்டுண்ணிக் குளவி ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது. கருநிறத்தில் மஞ்சள் புள்ளியோடு, ஆறு கால்களில் நீண்டு நடக்கும் முரட்டுப் பூச்சி பொறிவண்டின் பிள்ளை. அது பெற்றோரைப்போல் உருண்டையாக இருக்காது என்பதால் அறியாமலே நசுக்கப்படுகிறது. மெல்லிய நூற்காம்புகளின் நுனியில் நிற்கும் வெள்ளை முட்டைகள் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை.

மாவுப்பூச்சியில் ஏமாற்றம் இன்னும் கூடுதல். அதைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்தி அதேபோலத் தோன்றும். வேறுபாடு அளவிலும் வேகத்திலும் தெரியும்: கூட்டத்துக்குள் பெரிதாக, சுறுசுறுப்பாக நடப்பது நம் ஆள்.

எறும்பு வரிசை தண்டில் ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் காத்து, பொறிவண்டை விரட்டும். எறும்பின் வழியை மறித்தாலே பல நேரம் மற்றவை தானாக நடக்கும். இத்தனையும் பார்த்த பிறகும் தாக்குதல் மிஞ்சினால், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவது முதல் வழி. வேப்பெண்ணெய்கூட வண்ணத்துப்பூச்சிப் புழுவைக் கொல்லக்கூடியது. தேவைப்பட்ட கிளையில் மட்டும், தேனீக்கள் அடங்கிய மாலையில் தெளியுங்கள்.

மூன்றாம் சுற்று: நண்பகல்

இது சிறிய சுற்று. தண்ணீரையும் நிழலையும் மட்டும் பாருங்கள். பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கும். அதனால் நீர் இழக்கும். ஆகவே தண்ணீர் வைக்கும் பாத்திரம் அகலமாக, சரிவான ஓரத்தோடு, ஐந்து செ.மீ. ஆழத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும். நடுவே ஒரு கல்லை வைத்தால் சிறு குருவியும் பயமின்றி இறங்கும். தேனீக்களுக்குத் தனியாக ஒரு தட்டில் கூழாங்கற்களைப் பரப்பிப் பாதி மூழ்கும் அளவு நீர் விடுங்கள். ஈர மண்ணும் மணலும் நிரப்பிய மூன்றாவது தட்டு வண்ணத்துப்பூச்சிக்கு; மண்ணில் உள்ள உப்புக்காக, பெரும்பாலும் ஆண்கள், அதில் உறிஞ்ச வரும். நீரைத் தினமும் மாற்றித் தேய்த்துக் கழுவுங்கள். வெப்பத்தில் கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரமே போதும்.

நிழலில் மண் காய்ந்து பொடியாக இருக்கும் இடத்தில் கூம்பு வடிவச் சிறு குழிகள் தெரிந்தால், அடியில் பதுங்கி எறும்பைப் பிடிக்கும் குழியானை என்ற பூச்சி இருக்கிறது. தொட்டிகளைத் தூக்கும்போது அடியில் தேரை ஒதுங்கியிருக்கலாம். அதே இடத்தில் மெதுவாக வையுங்கள். சருகில் சரசரத்து ஓடும் அரணையைக் கண்டு அஞ்ச வேண்டாம். ‘அரணை கடித்தால் மரணம்’ என்பது வெறும் பேச்சு. அதற்கு நஞ்சே கிடையாது.

நான்காம் சுற்று: அந்தியும் இரவும்

மாலை மங்கும்போது மல்லிகை மொட்டு அவிழும், அந்திமந்தாரை விரியும். வெண்ணிறமும் மணமும் இரவுப் பூக்களின் பொது அடையாளம்; இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்கு அவைதான் வழிகாட்டி. இந்தச் சுற்றில் ரங்கூன் மல்லிக் கொடி இருந்தால் அதன் முன் நாற்காலி போட்டு உட்காரலாம். அந்தியில் வெள்ளையாக விரியும் பூ, அடுத்தடுத்த நாட்களில் இளஞ்சிவப்பாகிச் சிவப்பாகும். வெள்ளை நிலையில் நீண்ட நாக்குள்ள பருந்து அந்துப்பூச்சிகள் வருகின்றன. நிறம் ஏறிய பிறகு பகலில் தேனீக்களும் பறவைகளும் வருகின்றன. ஒரே கொத்தில் மூன்று நிறங்களும் இருக்கும்.

குழாய் நீளமாக இருந்தால் அதற்கேற்ற நாக்கு எங்கேயாவது இருந்தே ஆக வேண்டும் என்று துணிந்து சொன்னவர் சார்லஸ் டார்வின். மடகாஸ்கரின் ஓர் ஆர்க்கிட் பூவில் ஏறத்தாழ 30 செ.மீ. நீளத் தேன்குழாயைக் கண்டு, அவ்வளவு நீள நாக்குள்ள அந்துப்பூச்சி இருக்கும் என்று 1862-ல் எழுதினார். அந்தப் பூச்சி 1903-ல் விவரிக்கப்பட்டது. அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இருட்டிய பின் சிவப்பு டார்ச்சோடு ஒரு முறை சுற்றுங்கள். கீழாநெல்லியின் இலைகள் மூடித் தூங்கும். பகலில் காணாத நத்தைகள் நடமாடும். குச்சிகளில் நீலப்பட்டைத் தேனீ ஆண்கள் மீண்டும் வந்து தொங்குவார்கள். தோட்ட விளக்கு விடியும்வரை எரிகிறதா என்று பாருங்கள். அந்துப்பூச்சிகள் விளக்கையே சுற்றிக் களைத்தால் பூக்கள் காத்துக் கிடக்கும். தேவையில்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

தள்ளி நின்று பார்க்க வேண்டியவை

இரண்டு இலைகளின் ஓரங்கள் நாரால் தைக்கப்பட்டிருந்தால் அது தையல்சிட்டின் கூடு. தேன்சிட்டின் கூடு தொங்கும் பை. பட்டையும் சருகும் சிலந்தி நூலும் சேர்த்துக் குப்பை சிக்கியது போலவே செய்திருக்கும். கண்டதும் பின்வாங்குங்கள். கிளையை விலக்கிப் படம் எடுத்தால் வெயிலும் காகமும் உள்ளே போகும். குஞ்சுகள் பறக்கும் வரை அந்தப் பக்கம் வெட்டும் வேலை எதுவும் வேண்டாம்.

பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று, மெதுவாகப் பின்னே வந்து, வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற மீட்பவருக்கோ சொல்லுங்கள். அடிக்கவோ பிடிக்கவோ முயலாதீர்கள். சருகுக் குவியலுக்குள் வெறுங்கையை விடாதீர்கள். தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே சுரண்டி எடுத்து, கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். மூச்சுத் திணறலோ முக வீக்கமோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

குறிப்பேட்டிலிருந்து வேலைப் பட்டியலுக்கு

ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயங்கள் போதும்: நேரம், செடி, வந்தது யார், என்ன செய்தது. பெயர் தெரியாவிட்டால் உருவத்தை எழுதுங்கள். படம் எடுத்தால் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் ஏற்றலாம். அறிந்தவர்கள் பெயர் சொல்லி உதவுவார்கள்.

நான்கு சுற்றும் முடிந்ததும் நேர வாரியாக வாசியுங்கள். எந்த நேரம் காலியாக இருக்கிறதோ அதுதான் அடுத்து நட வேண்டியதைச் சொல்கிறது. முற்பகல் காலியா? துளசி, சங்குப்பூ, ஒற்றை அடுக்குச் செண்டுப்பூ. இரவு காலியா? அந்திமந்தாரை, மல்லிகை. வண்ணத்துப்பூச்சி வருகிறது, புழு மட்டும் இல்லையா? தேன் இருக்கிறது, பிள்ளைக்கு உணவில்லை என்று பொருள். எலுமிச்சை, கொன்றை, ஆவாரை, இடம் இருந்தால் எருக்கு வையுங்கள். எருக்கில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். வண்ணத்துப்பூச்சிக்குப் பிடிக்கிறதே என்று உண்ணிச்செடியை மட்டும் நட வேண்டாம். வேலி தாண்டி மற்றச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

புதிய நடவைக் கோடையின் உச்சத்தில் செய்யாதீர்கள். வெயில் தணிந்ததும் செய்யலாம். இப்போது செய்ய வேண்டியது மூடாக்கு. சருகையோ வைக்கோலையோ 5 முதல் 8 செ.மீ. தடிமனுக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஒரு மூலையில் மட்டும் மண்ணை மூடாமல் வெறுமையாக விடுங்கள். நீலப்பட்டைத் தேனீயின் பெண்கள் வளை தோண்டிப் பிள்ளை வளர்ப்பது அப்படிப்பட்ட மண்ணில்தான்.